துருப்பிடித்து இறுகிய போல்ட்: எண்ணெயா, சூடா, வெட்டா?

பழைய ஃபோர் வீல் வண்டிக்கு அடியில் படுத்து ஸ்பேனரைப் போட்டால், பாதி போல்ட் அசைந்தே கொடுக்காது. இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கும் மேலாகப் பெருகும். போல்ட்டும் நட்டும் கவ்வும் திருகுப் புரியான மறைக்குள் இருப்பதோ மயிரிழை இடைவெளி. பெருகிய துரு அங்கே ஆப்பு மாதிரி அடைத்துக்கொள்கிறது. ஆப்பை எப்படி எடுப்பது என்பது போல்ட் எந்த இடத்தில் இருக்கிறது, சுற்றிலும் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. எல்லா இடத்துக்கும் ஒரே வைத்தியம் செய்யப்போய்த்தான் பலரும் போல்ட்டை முறிக்கிறார்கள்.

முதலில் எண்ணெய். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டுவதற்காக உருவாக்கப்பட்டது. துருவுக்குள் ஊடுருவ என்றே தயாரித்த எண்ணெய் இந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தம். ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயையும் அசிட்டோனையும் சரிபாதி கலந்து அடிப்பவர்களும் உண்டு. ஊடுருவுவது உண்மைதான். ஆனால் இரண்டும் பிரிந்து நிற்கும் என்பதால் ஒவ்வொரு தடவையும் குலுக்க வேண்டும், பெயிண்ட்டும் ரப்பரும் கெடும், சட்டென்று தீப்பிடிக்கும். எதை அடித்தாலும் வேலையைச் செய்வது நேரம்தான். கம்பி பிரஷ்ஷால் வெளியே தெரியும் மறையைச் சுத்தம் செய்து, முந்தின நாள் காலையும் மாலையும் அடித்து, தலையில் சுத்தியலால் நாலு தட்டு தட்டி, மறுநாள் கைவைக்கலாம். அடித்த ஐந்தாவது நிமிடமே திருகினால் எண்ணெயும் வீண், போல்ட்டும் வீண்.

எண்ணெய்க்கு மசியாததைச் சூடு அசைக்கும். நட்டு 300 டிகிரி சூடேறினால் 12 மி.மீ. துளை சுமார் 0.04 மி.மீ. விரியும். பார்க்கச் சின்ன எண், ஆனால் துருவின் பிடி உடைய அது போதும். நட்டைத்தான் காய்ச்ச வேண்டும், போல்ட்டை அல்ல. அதுவும் சீக்கிரமாக, மெதுவாகக் காய்ச்சினால் போல்ட்டும் சேர்ந்தே விரிந்துவிடும். கையடக்க கேஸ் டார்ச் சின்ன நட்டுக்குச் சரி. கனமான சேசிஸில் அதன் சூட்டை இரும்பே இழுத்துக்கொள்ளும். அங்கே ஆக்ஸி அசிட்டிலின் வேண்டும். இண்டக்‌ஷன் ஹீட்டர் இருந்தால் அதுவே மேல்: நட்டைச் சுற்றிக் காயிலை மாட்டினால் தீ நாக்கே இல்லாமல் ஒரு நிமிடத்துக்குள் சிவக்கும். சூடு தணியும்போது மெழுகுவத்தியை மறையில் வைத்தால் மெழுகு உருகி உள்ளே இழுபடும். அலுமினியம் உறைக்குள் இறுகிய இரும்பு போல்ட்டுக்கும் சூடுதான் என் முதல் தேர்வு. இரும்பைவிட அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும்.

சூட்டுக்கு எல்லை உண்டு. எண்ணெய் அடித்த இடத்தைத் துடைக்காமல் தீ வைக்கக் கூடாது. பெட்ரோல் குழாய், பிரேக் ஹோஸ், ரப்பர் புஷ் பக்கத்தில் இருந்தால் தீயை மறந்துவிடுங்கள். நாகப்பூச்சு போல்ட்டிலிருந்து வரும் வெள்ளைப் புகை காய்ச்சலைத் தரும். பிரேக் கிளீனர் அடித்த இடத்தைக் காய்ச்சவே கூடாது. குளோரின் கலந்த வகையானால் வெளியேறும் வாயு உயிருக்கே ஆபத்து.

அடித்து அடித்துத் திருகும் இம்பாக்ட் ரெஞ்சையும், ஸ்பேனருக்கு நெம்புகோலாகும் நீளக் கம்பியையும் ஒப்பிட்டால் இம்பாக்ட்தான் நல்லது. கம்பியை அழுத்தினால் ஒரே சீராக முறுக்கு ஏறி, போல்ட் முறுகி முறியும். இம்பாக்ட்டின் சின்னச் சின்ன அடிகள் துருவை நொறுக்கும். ஆறு முகச் சாக்கெட் மட்டுமே போட வேண்டும். பன்னிரண்டு முகம் தலையை மழுக்கிவிடும். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு சொட்டு, பிறகு கழற்றும் பக்கம், மறுபடி கொஞ்சம் உள்ளே என்று ஆட்டி ஆட்டி எடுங்கள். 8 மி.மீ.க்குக் குறைந்த போல்ட்டிலும், பிரேக்கிலிருந்து காற்றை வெளியேற்றும், உள்ளே துளையுள்ள பிளீடர் நிப்பிளிலும் இம்பாக்ட் வேண்டாம்.

பட்டை ஸ்பிரிங்கின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் தகடுகள்தான் ஷாக்கிள்; அதன் போல்ட் தனிக் கதை. நட்டு முழுசாகக் கழன்றிருக்கும், போல்ட் மட்டும் வராது. தலையில் ஸ்பேனர் போட்டால் கால் சுற்று திரும்பும், விட்டதும் பழைய இடத்துக்கே வரும். அது மறை இளகியதல்ல. ஸ்பிரிங் முனையின் வளையமான கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் புஷ்ஷின் உள்குழாயோடு போல்ட் ஒட்டிக்கொண்டதால் ரப்பர்தான் முறுகுகிறது. எண்ணெய் இரண்டு ஓரத்தை மட்டும் நனைக்கும், நடுவே போகாது. காய்ச்சினால் ரப்பர் எரியும். இங்கே வெட்டுவதுதான் சரியான வழி. இரண்டு நாள் போராடிவிட்டு அதையே செய்வதைவிட முதலிலேயே செய்யலாம். சேசிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்சிலை ஜாக்கியால் தாங்கி, ஸ்பிரிங்கில் பாரம் இல்லாமல் செய்யுங்கள். இல்லாவிட்டால் பிளேடு கவ்விக்கொள்ளும், அறுந்ததும் ஸ்பிரிங் துள்ளும். ஸ்பிரிங் கண்ணுக்கும் தகட்டுக்கும் இடையே இரண்டு பக்கமும், அங்குலத்துக்கு 14 முதல் 18 பல் கொண்ட பைமெட்டல் பிளேடால், முன்னும் பின்னும் ஓடும் ரெசிப்ரோகேட்டிங் ரம்பத்தை மெதுவாக ஓட்டி அறுக்க வேண்டும். கிரைண்டர் வட்டு அந்தச் சந்தில் நுழையாது, பொறியும் பறக்கும். ஸ்பிரிங்கை ஆக்சிலோடு கட்டும் யு-போல்ட்டையும் யோசிக்காமல் வெட்டலாம். எப்படியும் புதிதுதான் போட வேண்டும்.

மேனிஃபோல்டை இன்ஜினோடு பிடிக்கும் ஸ்டட் (தலையில்லாத போல்ட்) முறிந்துவிட்டால், துண்டில் துளையிட்டு உள்ளே திருகி இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரைக் கடைசிக்கு வையுங்கள். கடினமான அந்த எஃகு உள்ளே உடைந்தால் சாதாரண டிரில் அதைத் தொடாது. முறிந்த முனையில் நட்டு வைத்து வெல்டிங் அடிப்பது மேல்: சூடும் கிடைக்கும், பிடியும் கிடைக்கும். வெல்டிங்குக்கு முன் பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள்.

தீயில் சிவந்த போல்ட்டின் பலம் குறைந்திருக்கும், திரும்பப் போட வேண்டாம். போல்ட்டின் பலத்தைச் சொல்லும் அதே 8.8 அல்லது 10.9 தரத்தில் புதிது வாங்கி, புஷ் குழாயின் உள்பக்கம் இறுகாமல் காக்கும் ஆன்டி சீஸ் பசையைத் தடவுங்கள். மறையில் தடவினால் உராய்வு குறையும், இறுக்கும் முறுக்கு அளவான டார்க்கையும் குறைக்க வேண்டும். ஷாக்கிளின் கடைசி இறுக்கு வண்டி நாலு சக்கரத்தில் நின்ற பிறகுதான்; தொங்கும்போது இறுக்கினால் புது ரப்பர் முறுகிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழியும்.