ஸ்பாட்ஸ்டாட்: பல வருடப் பழக்கத்தில் தெரிந்தவை

"இந்த இரண்டு புள்ளிப் படங்களும் ஒரே மாதிரியா, வேறா?" என்று கேட்டு வருபவர்களுக்கு வேண்டியது பெரும்பாலும் ஒற்றை பி-மதிப்பு (வெறும் தற்செயலிலேயே இவ்வளவு வேறுபாடு வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் எண்). மரங்களோ நோயாளிகளோ எங்கெங்கே என்று குறித்த புள்ளிகளை ஆராயும், ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில் இயங்கும் ஸ்பாட்ஸ்டாட் அதை லேசில் தந்துவிடாது. ஏட்ரியன் பாட்லி, ரோல்ஃப் டர்னர், ஈகே ரூபாக் ஆகியோர் வளர்த்தெடுத்த இலவசத் தொகுப்பு இது. பல வருடங்களாக இதோடு மல்லுக்கட்டினாலும் வேறொன்றுக்கு மாற மனம் வரவில்லை.

முதல் வேலையாக எல்லையைக் கேட்கும். புள்ளிகள் இருக்கும் இடத்தைச் சொல்லும் எக்ஸ், ஒய் எண்கள் மட்டும் போதாது. எந்தப் பரப்புக்குள் தேடினோம் என்பதையும் செவ்வகமாகவோ பலகோணமாகவோ சொல்லியாக வேண்டும். வெளியே விழுந்த புள்ளிகளை ஒதுக்கி எச்சரிக்கும். படம் வரைந்தால் அவற்றைக் கூட்டல் குறியாகக் காட்டும். ஒரே இடத்தில் இரண்டு புள்ளி இருந்தாலும் முணுமுணுக்கும். எரிச்சல்தான். ஆனால் எனக்கு வந்த ஒரு கோப்பில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறிக் கிடந்ததைக் காட்டிக்கொடுத்தது இந்த நச்சரிப்புதான்.

அப்புறம் ஒப்பீடு. இதன் அருமை தெரிவது இங்கேதான். உடன் வரும் லான்சிங் காட்டுத் தரவைப் பாருங்கள்: அமெரிக்காவின் மிச்சிகனில், 924 அடிச் சதுர நிலத்தில் 2,251 மரங்கள். ஹிக்கரி 703, மேப்பிள் 514. இரண்டும் ஒதுங்கி ஒதுங்கி நிற்பது கண்ணுக்கே தெரிகிறது. இதைச் சோதிக்கக் குறுக்கு கே சார்பை (ஓர் இன மரத்தைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்குள் மற்ற இன மரங்கள் எவ்வளவு என்ற கணக்கு) வரைந்து, என்வலப்பை (தற்செயல் படங்கள் பலவற்றை உருவாக்கி ஒப்பிடும் கட்டளை) அப்படியே ஓட்டினால், எல்லா மரங்களையும் நிலம் முழுக்கத் தற்செயலாக இறைத்து அதோடு ஒப்பிடும். நாம் கேட்டது அதுவா? ஒவ்வோர் இனத்தின் சொந்தக் கொத்தும் கலையாமல், ஓர் இனத்தை இன்னொன்றின் மேல் மொத்தமாக நகர்த்திப் பார்க்க வேண்டும். அதற்கு ஆர்ஷிஃப்ட் என்ற கட்டளை.

இங்கிலாந்தின் சோர்லி-ரிபிள் தரவு வேறு ரகம். 58 குரல்வளைப் புற்றுநோயாளிகள், 978 நுரையீரல் புற்றுநோயாளிகள், அருகே பயன்பாட்டில் இல்லாத ஒரு குப்பை எரியுலை. அதன் பக்கத்தில் குரல்வளை நோய் கூடுதலா என்பது கேள்வி. நுரையீரல் நோயாளிகள் மக்கள்தொகைப் பரவலுக்கு ஒரு பதிலிதான். எனவே புள்ளிகளை அசைக்காமல் பெயர்ச்சீட்டுகளை மட்டும் கலைத்துப்போட வேண்டும்: ஆர்லேபிள். இந்த இரண்டில் எது என்று மென்பொருள் சொல்லாது, நாம்தான் சொல்ல வேண்டும்.

தற்செயல் படங்களில் வந்த மதிப்புகளின் வரம்பைக் காட்டும் என்வலப் சாம்பல் பட்டையை நம்பிக்கை இடைவெளி (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வரம்பு) என்று எழுதிவிடுகிறவர்கள் இன்னும் உண்டு. 39 சிமுலேஷனில் (தற்செயல் படங்களில்) கிடைக்கும் 5 சதவீதத் தவறு வாய்ப்பு முன்கூட்டியே தேர்ந்த ஒரே ஒரு தூரத்துக்குத்தான் பொருந்தும். கோடு எங்கோ ஓரிடத்தில் பட்டையைத் தாண்டியதும் குதிக்க வேண்டாம்; எல்லாத் தூரங்களையும் சேர்த்துச் சோதிக்கும் 'குளோபல்' விருப்பத்தைப் போட்டுவிட்டுப் பாருங்கள்.

குறை என்றால், 2021இல் இதைப் பல குட்டித் தொகுப்புகளாகப் பிரித்ததைச் சொல்வேன். ஒரு கட்டளை எந்தக் குட்டியில் இருக்கிறது என்று தேடும் வேலை கூடியது. 3,000 புள்ளிகளைத் தாண்டினால் கே சார்பு தானாகவே எளிய விளிம்புத் திருத்தத்துக்கு (எல்லைக்கு வெளியே உள்ளவை தெரியாததைச் சரிக்கட்டும் கணக்குக்கு) மாறிவிடும். அதையும் கவனிக்க வேண்டும்.

ஒரு குழுவுக்குப் பல படங்கள் இருந்தால், படங்களைக் குழுக்களுக்குள் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் வரிசைமாற்றச் சோதனையான ஸ்டட்பெர்மு கைகொடுக்கும். 31 பேரின் மூளை நியூரான் தரவும் கூடவே வருகிறது, பழகிப் பார்க்கலாம். குழுவுக்கு ஒரே படம்தான் என்றால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.