காலையில் எழுந்திருக்காத வண்டி: ஏர் சஸ்பென்ஷனோடு ஐந்து வருடம்

வாங்கி நான்கு மாதம் இருக்கும். ஒருநாள் காலையில் பால் வாங்கக் கிளம்பி வெளியே வந்தால், போர்டிகோவில் வண்டி ஒருபக்கமாகப் படுத்துக் கிடக்கிறது. முன்பக்க இடது டயருக்கும் அதன் மேலுள்ள வளைவுக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையவில்லை. பஞ்சர் என்றுதான் முதலில் நினைத்தேன். தட்டிப் பார்த்தால் டயர் கல் மாதிரி இருக்கிறது. ஸ்டார்ட் செய்ததும் அடியில் எங்கோ மிக்சி ஓடுவது போல ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் வண்டி மெல்ல எழுந்து நேராக நின்றுகொண்டது. "அதுவே சரியாயிடுச்சே" என்றார்கள் வீட்டில். நானும் அதை நம்பி இரண்டு மாதம் ஓட்டினேன். அந்த இரண்டு மாதத்துக்கு நான் கொடுத்த விலை ஒரு கம்ப்ரசர்.

வண்டி 2014 மாடல் ஜெர்மன் எஸ்யூவி, டீசல், ஏழு சீட். 2020 கடைசியில் கோவையில் செகண்ட் ஹேண்டில் எடுத்தபோது 68,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. இப்போது 1,21,000. மாடல் பெயர் இங்கே அவசியமில்லை. கம்பெனியிலேயே ஏர் சஸ்பென்ஷன் போட்டு வரும் எஸ்யூவிகளில் அடிப்படை அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்.

சுருள் ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் சக்கரத்துக்கு ஒன்றாகத் தடித்த ரப்பர் பை. பட்டறையில் பெல்லோஸ் என்பார்கள், சிலர் பலூன் என்றே சொல்வார்கள். டயரில் நாம் 35 பிஎஸ்ஐ வைக்கிறோம். இந்தப் பைக்குள் அதைப்போல மூன்று நான்கு மடங்கு அழுத்தம் இருக்கும். ஒவ்வொரு சக்கரத்தருகிலும் ஓர் உயர சென்சார் உட்கார்ந்துகொண்டு, வண்டி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கட்டுப்பாட்டு யூனிட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்த யூனிட், நாலு பைக்கும் காற்றைப் பிரித்துவிடும் வால்வு பிளாக்கைத் திறந்து, எந்தப் பைக்குக் காற்று வேண்டுமோ அதற்கு அனுப்பும். காற்று ஒரு சின்ன டேங்கிலிருந்து வரும். டேங்கை நிரப்புவது பேட்டரியில் ஓடும் கம்ப்ரசர்.

இதில் உள்ள சூட்சுமம் உயரத்தை ஏற்றி இறக்குவது மட்டும் இல்லை. ஏழு பேர் ஏறி டிக்கியிலும் மூட்டை வைத்தால் சாதாரண வண்டி பின்பக்கம் அமுங்கும், ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும். இங்கே பைக்குக் கூடுதல் காற்று போய் உயரம் பழையபடி வந்துவிடும். அழுத்தம் கூடும்போது பையின் விறைப்பும் கூடவே ஏறும். அதனால் தனியாகப் போனாலும் குடும்பத்தோடு போனாலும் ஓட்டம் ஒரே மாதிரி இருக்கும். ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. பின்சீட்டில் யாருக்கும் வாந்தி வராமல் மேலே போய்ச் சேர்ந்தபோதுதான் பழைய உரிமையாளர் இதற்காகக் கொடுத்த பணத்தின் அர்த்தம் புரிந்தது. நெடுஞ்சாலையில் 120ஐத் தாண்டிச் சற்று நேரம் ஓடினால் தானே 15 மில்லிமீட்டர் இறங்கும் என்று கையேடு சொல்கிறது. அந்த வேகத்தில் ஓட நம் ஊரில் எங்கே வழி? எனக்குப் பயன்படுவது ஏற்றும் பொத்தான்தான். எங்கள் தெரு முனை வேகத்தடைக்கு அது இல்லாமல் முடியாது.

சரி, கம்ப்ரசர் கதை. ஏர் பஸ்ஸில் போகாதவர்கள் யார் இருக்கிறார்கள்? அங்கேயும் இதே ரப்பர் பைதான். ஆனால் பஸ்ஸின் கம்ப்ரசர் எஞ்சினோடு ஓடுவது, பிரேக்குக்கும் அதுவே காற்று தருவது. நாள் முழுக்க ஓடுவதற்கென்றே செய்தது. காரில் உள்ளதோ உள்ளங்கையில் தூக்கிவிடக்கூடிய மோட்டார். கொஞ்ச நேரம் ஓடி நிறைய நேரம் ஓய்வெடுக்க வேண்டிய ஆள். பையில் ஊசிமுனை அளவு கசிவு வந்தாலும் இவர் விட்ட காற்றை நிரப்ப ஓடிக்கொண்டே இருப்பார், சூடாவார். அளவு மீறிச் சூடானால் யூனிட் அவரை நிறுத்திவிடும். ஆறியதும் மறுபடி ஓடவைக்கும்.

இதைவிட மோசமான ஒன்று உள்ளே நடக்கிறது. வெளிக்காற்றில் ஈரம் இருக்கும் என்பதால் கம்ப்ரசரோடு சேர்ந்து ஒரு டிரையர் உண்டு, அதில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா மணிகள். வண்டி இறங்கும்போது பையிலிருந்து திரும்பும் உலர்ந்த காற்று இந்த மணிகள் வழியாகத்தான் வெளியேறும், போகும்போது ஈரத்தையும் எடுத்துப் போய்விடும். மணிகள் மறுபடி காய்ந்து அடுத்த வேலைக்குத் தயார். பையில் வெடிப்பு விழுந்திருந்தால் காற்று வெடிப்பு வழியாகவே போய்விடும், டிரையர் பக்கம் திரும்பி வராது. மணிகள் நனைந்துகொண்டே போகும். அப்புறம் ஈரம் வால்வு பிளாக்கைப் போய்ச் சேரும். என் கம்ப்ரசரைக் கழற்றியபோது மணிகள் வெள்ளைக் கூழாகக் கட்டியிருந்தன. பிஸ்டன் ரிங் தேய்ந்து போயிருந்தது.

கம்ப்ரசர் நின்றுபோன இடம் பொள்ளாச்சி சாலை நெரிசல், நடு மதியம். டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது, வண்டி எழவில்லை. முன்சக்கரம் அதன் மேலுள்ள வளைவில் உரசாமல் ஊர்ந்தே பட்டறைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் அண்ணன் முதலில் ஸ்கேனரை எடுக்கவில்லை, ஸ்பிரே பாட்டிலில் சோப்புத் தண்ணீரைத்தான் எடுத்தார். வெளியிலிருந்து காற்றடித்து வண்டியை உயரத்தில் நிறுத்தி, பை மடியும் இடத்தை விரித்து அடித்ததும் குமிழ் குமிழாக வந்தது. வெடிப்பு எப்போதும் அந்த மடிப்பில்தானாம்.

இந்த வண்டியில் முன்பக்கம் பையும் ஷாக்கும் ஒரே துண்டு. ஒரிஜினல் ஒன்றுக்கு ஒன்றே கால் லட்சத்துக்கு மேல் சொன்னார்கள். வெளிக் கம்பெனிப் பொருள் 52,000, கம்ப்ரசர் 44,000. "ரெண்டு பக்கமும் சேர்த்தே மாத்திடுங்க தம்பி" என்றார் அண்ணன். கேட்கவில்லை. பதினான்கு மாதம் கழித்து வலதுபக்கமும் போனது, கூலி இரண்டு முறை. ஒன்றில் மட்டும் அவர் சொன்னதைக் கேட்டேன்: கம்ப்ரசரோடு, அதற்குக் கரன்ட் கொடுத்து நிறுத்தும் சுவிட்சான ரிலேயையும் புதிதாகப் போட்டோம். சில நூறு ரூபாய் ரிலே ஒட்டிக்கொண்டால் புதுக் கம்ப்ரசர் நிற்காமல் ஓடிக் கருகிவிடும்.

மொத்தத்தையும் பிடுங்கிவிட்டு ஸ்பிரிங் போடலாமே என்று கேட்காத நண்பர் இல்லை. இந்த யோசனை பழசு. 1957 காடிலாக் எல்டொராடோ பிரோம் காற்றுப் பையோடு வந்தது, அதை வாங்கியவர்களில் பலர் அப்போதே ஸ்பிரிங்குக்கு மாற்றிக்கொண்டார்கள். செலவு குறையும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எச்சரிக்கை விளக்கை மென்பொருளில் அணைக்க வேண்டும், பாரத்துக்கு ஏற்பச் சமன் செய்வதும் போய்விடும். வால்பாறைக்கு அடிக்கடி போகிறவன் என்பதால் எனக்கு மனம் வரவில்லை.

பஞ்சர் கடையில் ஜாக்கி வைக்கும் முன் மெனுவில் ஜாக் மோடை நானே போட்டுவிடுவேன். இல்லாவிட்டால் சக்கரம் தொங்குவதைப் பார்த்து யூனிட் காற்றை ஏற்றி இறக்க ஆரம்பிக்கும். ஊட்டியில் ஓர் இரவு நிறுத்தினால் காலையில் லேசாக இறங்கியிருக்கும். அதற்குப் பயப்படாதீர்கள். 35 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குப் போனால் உள்ளே இருக்கும் காற்று கிட்டத்தட்ட 9 சதவீதம் சுருங்கும்.

இப்படி ஒரு வண்டி பார்க்கப் போகிறவர்கள், முந்தைய இரவு நிறுத்தியபடியே, யாரும் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். நாலு சக்கரத்தின் மேலுள்ள வளைவின் உயரத்தையும் டேப்பால் அளந்துகொள்ளுங்கள். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் அந்தப் பை அல்லது அதன் குழாய். ஓர் அச்சு முழுக்க இறங்கியிருந்தால் வால்வு பிளாக்கையும் சந்தேகப்படலாம். நான் வாங்கப் போன அன்று எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, ஏசி போட்டு வைத்திருந்தார்கள். நல்ல மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது பின்பக்க வலது பை, நான்கு நாள் நிறுத்தினால் ஒரு சென்டிமீட்டர் இறங்குகிறது. இந்த முறை இரண்டு பக்கத்துக்கும் வாங்கி வீட்டில் வைத்துவிட்டேன். பொங்கல் லீவு முடிந்து பட்டறை திறந்ததும் மாற்ற வேண்டும்.