காந்தி பூங்காவா, கல்லடிப் பாலமா?

மட்டக்களப்புக்கு வருகிறவர் கையில் ஒரேயொரு பின்னேரம்தான் இருக்கிறது. எங்கே நடப்பது? ஊரில் கேட்டால் சிலர் கல்லடிப் பாலத்தைச் சொல்வார்கள், சிலர் புளியந்தீவு காந்தி பூங்காவைச் சொல்வார்கள். நான் பூங்காவின் பக்கம்.

ஊர் உருவான விதம் அந்தச் சிறு தீவுக்குள் காலடியிலேயே கிடக்கிறது. பூங்காவில் வாவியைப் பார்த்தபடி நிற்கும் மட்டக்களப்பு வாயில், 1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் வந்திறங்கியதன் நினைவு. அதே ஆண்டு அவர் தொடங்கிய பள்ளிக்கூடம்தான் மெதடிஸ்த மத்திய கல்லூரி. 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரியும் இதே தீவில்தான். அப்புறம் கோட்டை. 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்தது. இலங்கையில் அவர்கள் கைப்பற்றிய முதல் கோட்டை. நெடுங்காலம் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், இதற்குள்தான் இயங்கியது. காணி அலுவலுக்கும் ஓய்வூதியத்துக்கும் சனம் பீரங்கி மதில்களைக் கடந்து போய்வந்த ஊர் இது!

குறையும் உண்டு. கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவுக்கு ஒரு பக்கம் நகர மண்டபம், மறுபக்கம் தேசிய அருங்காட்சியகம். ஒன்றிலிருந்து மற்றதற்கு மரநிழலிலேயே போகலாம். இங்கே பூங்காவை விட்டு வெளியே வந்தால் வாகனங்களோடுதான் கோட்டைக்கு நடக்க வேண்டும். வாவியை ஒட்டி நிழல் மரங்களோடு ஒரு நடைபாதை கோட்டைவரை தொடர்ந்து போனால், இந்த நடைக்கு ஈடாகக் கிழக்கில் வேறெதையும் சொல்ல மாட்டேன்.

சரி, கல்லடி? 1924இல் வந்த பழைய இரும்புப் பாலம், பக்கத்தில் 2013இல் திறந்த புதியது. காற்றுக்கு அதை அடிக்க ஆளில்லை. வாவிக்குள்ளிருந்து கேட்பதாகச் சொல்லப்படும் பாடும் மீனின் ஓசைக்காகப் பௌர்ணமி இரவில் போகிறவர்கள் பேசுவதும் இந்த இடத்தைத்தான். ஆனால் நிழல் கிடையாது, வெயில் சாயும் முன் போகவே வேண்டாம். பிள்ளைகள் கூட வந்தால் மட்டும் என் வாக்கை மாற்றுவேன். பாலம் தாண்டினால் கடற்கரை.

இன்னொரு நாளும் இருந்தால் இரண்டையும் சேர்த்து நடக்கலாம். சுவாமி விபுலாநந்தர் படித்த மிக்கேல் கல்லூரியில் தொடங்கி, பாலம் கடந்து, அவர் சமாதி இருக்கும் கல்லடி உப்போடைவரை போங்கள்.