வெடிப்பு அபாயமுள்ள இடத்தில் சுமை தூக்க: காற்று ஹாய்ஸ்டா, ஃபிளேம்ப்ரூஃப் மின் ஹாய்ஸ்டா, கைச் செயின் பிளாக்கா?

கரைப்பான் ஆவியோ ஹைட்ரஜனோ கசிய வாய்ப்புள்ள இடத்துக்கு ஹாய்ஸ்ட் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது மோட்டாரைப் பற்றித்தான். மோட்டார் ஃபிளேம்ப்ரூஃபா, இல்லை காற்றில் ஓடுவதா? கேள்வி சரிதான், ஆனால் பாதிதான் சரி. ஹாய்ஸ்டில் தீப்பொறி பிறக்கக்கூடிய இடங்கள் மோட்டாருக்கு வெளியேதான் அதிகம்: பிரேக், கொக்கி, செயின், பீமில் உருளும் டிராலி சக்கரம், தொங்கும் பெண்டன்ட் (ஹாய்ஸ்டை இயக்கும் பொத்தான் பெட்டி). அதனால் இந்த மூன்றையும் மோட்டாரை வைத்து மட்டும் ஒப்பிடாமல், முழு உருப்படியாக வைத்துப் பார்க்கிறேன்.

அதற்கு முன் மூன்று விஷயம் கையில் இருக்க வேண்டும். இடம் எந்த ஜோன் (வெடிக்கும் கலவை அங்கே எவ்வளவு அடிக்கடி இருக்கும் என்ற பிரிவு), என்ன வாயு, அது எந்த வெப்பத்தில் தானாகப் பற்றும். வெடிக்கும் கலவை எந்நேரமும் இருக்கும் ஜோன் 0-வில் ஹாய்ஸ்ட் வைக்க வேண்டும் என்று யாராவது வந்தால், ஹாய்ஸ்ட் தேடுவதை நிறுத்திவிட்டு வேலை முறையை மாற்றச் சொல்லுங்கள். நாம் பேசுவது கலவை அவ்வப்போது வரக்கூடிய ஜோன் 1, அரிதாகக் கொஞ்ச நேரம் மட்டும் வரக்கூடிய ஜோன் 2 பற்றி. வாயுக் குழு என்பதும் வெறும் காகித வகைப்பாடு இல்லை. 2ஏ குழுவில் உள்ள புரொப்பேனைப் பற்றவைக்கச் சுமார் 0.25 மில்லிஜூல் வேண்டும், 2சி-யில் உள்ள ஹைட்ரஜனுக்கு 0.02 மில்லிஜூல் போதும். அப்புறம் வெப்ப வகுப்பு: டி3 என்றால் மேற்பரப்பு 200 டிகிரியைத் தாண்டாது, டி4 என்றால் 135, டி6 என்றால் 85. கார்பன் டைசல்ஃபைடு மாதிரி 100 டிகிரியை ஒட்டியே பற்றிக்கொள்ளும் பொருளும் இருக்கிறது, அதற்குத் தீப்பொறியே தேவையில்லை, சூடான பிரேக் போதும்.

சரி, மின் ஹாய்ஸ்ட். ஃபிளேம்ப்ரூஃப் என்றால் உள்ளே வாயு போகாது என்று பலர் நினைக்கிறார்கள். போகும். உள்ளே போய் வெடிக்கவும் செய்யலாம். அந்த வெடிப்பைத் தாங்கும் கனமான கூடும், வெளியே வரும் தீயைக் குளிர்வித்து அணைத்துவிடும் குறுகிய நீண்ட இடைவெளியும்தான் பாதுகாப்பு. அதனால்தான் அந்த மூடியில் ஒரு போல்ட் இல்லையென்றாலும், இணைப்புப் பரப்பில் ஆழமான கீறல் விழுந்தாலும், கேபிள் உள்ளே நுழையும் இடத்தில் பொருந்தாத கிளாண்டு போட்டாலும் அது வெறும் கனமான பெட்டிதான். 2ஏ-வுக்கும் 2சி-க்கும் இடைப்பட்ட 2பி குழுவுக்கு எழுதிய கூட்டை ஹைட்ரஜன் இருக்கும் இடத்தில் மாட்டவும் முடியாது, ஏனென்றால் ஹைட்ரஜன் தீ இன்னும் குறுகிய இடைவெளியிலும் நுழைந்து வரும்.

மின் ஹாய்ஸ்டில் எனக்கு எப்போதும் கவலை தருவது பிரேக். பம்ப் மோட்டார் காலையில் ஓட ஆரம்பித்தால் மாலை வரை ஓடும். ஹாய்ஸ்ட் மோட்டார் அப்படி இல்லை, தூக்கு, நிறுத்து, இன்னும் ஒரு விரற்கடை இறக்கு, நிறுத்து என்று ஒரு மணி நேரத்தில் எத்தனையோ முறை தொடங்கி நிற்கும், ஒவ்வொரு தொடக்கத்திலும் மோட்டாரின் கம்பிச் சுருளில் சூடு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் பிரேக்கில் சூடு. பெயர்ப்பலகையில் டி4 என்று இருப்பது குறிப்பிட்ட பணி வகுப்புக்கும் குறிப்பிட்ட தொடக்க எண்ணிக்கைக்கும் உட்பட்டுத்தான். அதை மீறி ஓட்டினால் அந்த டி4 எழுத்துக்கு அர்த்தமே போய்விடுகிறது. வேகத்தை மாற்ற இன்வெர்ட்டர் வேண்டுமானால் அதை அபாயப் பகுதிக்கு வெளியே வைப்பதே எளிது. ஆனால் மோட்டார் இன்வெர்ட்டரோடு சேர்த்துச் சான்று பெற்றதாக இருக்க வேண்டும், ஏனென்றால் மெதுவாகச் சுழலும்போது மோட்டாரின் சொந்த விசிறியும் மெதுவாகிவிடும், சூடு வெளியேறாது. சுருளுக்குள் வெப்பத்தை உணரும் தெர்மிஸ்டர் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது. மின்சாரம் எடுக்கத் திறந்த கண்டக்டர் பட்டையும் கூடாது, தொங்கும் கேபிள்தான்.

இவ்வளவு சொன்னாலும் அதிக உயரம், பெரிய டன், முழுக்கூடத்தையும் கடக்கும் பாலக் கிரேன் என்றால் மின்சாரம்தான். அங்கே காற்று ஹாய்ஸ்ட் திணறும்.

காற்று ஹாய்ஸ்டின் அழகு வேறு. விரியும் காற்று குளிரும் என்பதால் மோட்டார் ஓட ஓடச் சூடேறுவதற்குப் பதில் குளிர்ந்துகொண்டே இருக்கிறது. எத்தனை முறை தொடங்கி நிறுத்தினாலும் மோட்டார் எரியாது. அளவுக்கு மீறிய சுமை மாட்டினால் தூக்காமல் நின்றுவிடும், அவ்வளவுதான். லீவரை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு வேகம். நாள் முழுக்கக் கலவைக் கலங்களுக்கு டிரம் ஏற்றும் இடத்தில் இதற்கு ஈடு இல்லை.

பதிலுக்கு அது கேட்பது நல்ல காற்று. பெரும்பாலும் 6 பார் அழுத்தத்தில், ஈரமில்லாமல், போதுமான அளவில். கம்ப்ரசர் அறையில் 7 பார் காட்டுகிறதே என்பார்கள், ஆனால் நீண்ட மெல்லிய குழாயின் கடைசியில், ஹாய்ஸ்ட் ஓடும்போது எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்த்திருக்க மாட்டார்கள். காற்றில் ஈரம் இருந்தால் உள்ளே துரு, வெளியேறும் துளையில் பனிக்கட்டி. சத்தமும் அதிகம். மின்சாரத்தைக் காற்றாக்கி மறுபடி இயக்கமாக்குவதில் பெரும்பகுதி ஆற்றல் வீணாகிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் காற்று ஹாய்ஸ்டைச் சுற்றி உலவும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது, அது ஆபத்தானது: மின்சாரமே இல்லை, அதனால் சான்றிதழ் தேவையில்லை என்பது. மின்சாரம் இல்லாத கருவிகளுக்கென்றே ஐஎஸ்ஓ 80079-36 என்ற தரநிலை 2016-இல் வந்தது. ஐரோப்பாவின் ஏடெக்ஸ் விதியும் இயந்திரப் பொறியைக் கணக்கில் எடுக்கிறது. காற்று ஹாய்ஸ்டிலும் பிரேக் உராயும், செயின் தட்டும், கொக்கி மோதும், கடத்தாத ரப்பர் குழாயில் நிலைமின்னூட்டம் சேரும். குழாய் மின்கடத்தும் வகையா, தரையோடு இணைந்திருக்கிறதா என்பதை வாங்கும் அன்றே கேட்க வேண்டும்.

கொக்கிக்கு வருகிறேன், மூன்று வகைக்கும் பொதுவான இடம் இது. எஃகும் எஃகும் மோதினால் பொறி வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிட மோசமானது துருப்பிடித்த இரும்பில் அலுமினியம் உரசுவது. அங்கே தெர்மைட் வினை நடந்து மிகச் சூடான பொறி பறக்கும். எடை குறைய வேண்டும் என்று அலுமினிய உடலோடு வரும் ஹாய்ஸ்ட், துருப்பிடித்த பீமுக்குக் கீழே தொங்குகிறது என்றால் யோசிக்க வேண்டும். ஜோன் 1 கருவியின் வெளிக்கூட்டில் மக்னீசியம், டைட்டானியம், சிர்கோனியம் மூன்றும் சேர்ந்து 7.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாடும் இதனால்தான். வெண்கலம் அல்லது தாமிரம் பூசிய கொக்கி, வெண்கல டிராலி சக்கரம், துருப்பிடிக்காத எஃகுச் செயின் எல்லாம் இதற்கான பதில்கள். ஆனால் பூச்சு தேயும். துருப்பிடிக்காத செயின் போட்டால் தூக்கும் திறனும் குறையலாம். அசிட்டிலீன் இருக்கும் இடத்தில் தாமிரம் செறிந்த உலோகம் வெடிக்கும் தன்மையுள்ள தாமிர அசிட்டிலைடை உண்டாக்கும், அதாவது பொறியைத் தடுக்க வைத்ததே வினையாகிவிடும். வாயுவின் பெயரைச் சொல்லாமல் 'பொறி வராத வகை கொடுங்கள்' என்று கேட்டு வாங்குவதில் இருக்கும் சிக்கல் இதுதான்.

கைச் செயின் பிளாக்கின் பலம் அதன் மெதுவான வேகம். மெதுவான உராய்வில் பொறி பிறக்கும் வாய்ப்பு குறைவு, சுருள் இல்லை, கேபிள் இல்லை. மாதம் ஒருமுறை வால்வைக் கழற்ற இதுவே போதும், மற்ற இரண்டுக்கும் செலவழிப்பது வீண். ஆனால் கிடங்கில் கிடந்த சாதாரண செயின் பிளாக்கை எடுத்து ஜோன் 1-இல் மாட்டுவதுதான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறு. வெடிப்பு அபாயப் பகுதிக்கு ஏற்றது என்ற குறியீடு இல்லாத பிளாக்கில் யாரும் பொறியை மதிப்பிடவில்லை. கனமான சுமையை நெடுந்தூரம் இறக்கினால் உராய்வுத் தட்டு சூடேறும். இன்னொன்று, 5 டன்னை ஒரு மீட்டர் உயர்த்தக் கைச்சங்கிலியை நூறு மீட்டருக்கும் மேல் இழுக்க வேண்டும், அவ்வளவு நேரமும் ஒரு மனிதர் அந்த இடத்திலேயே நிற்கிறார்.

வாயு அல்லாமல் தூசி என்றால் என் கணக்கு மாறிவிடும். மாவு, சர்க்கரை, அலுமினியத் தூள் படிந்த கூடத்தில் காற்று ஹாய்ஸ்ட் வெளிவிடும் காற்றே படிந்த தூசியைக் கிளப்பி மேகமாக்கும், எது நடக்கக் கூடாதோ அதை நாமே செய்வது மாதிரி. அங்கே தூசி புகாத கூடுள்ள மின் ஹாய்ஸ்ட்தான் என் தேர்வு, அதன் மேற்பரப்பு வெப்பம் 5 மில்லிமீட்டர் தூசிப்படிவு கனலத் தொடங்கும் வெப்பத்தைவிட 75 டிகிரியாவது கீழே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு.

வாயு இடம், 2சி குழு, இடைவிடாத வேலை, சுமை சில டன்களுக்குள் என்றால் தயங்காமல் காற்று. மின் ஹாய்ஸ்ட் எடுத்தால் பராமரிக்கப் போவது யார் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ஃபிளேம்ப்ரூஃப் மோட்டாரைத் தெரியாத கடையில் சுருள் மாற்றிக்கொண்டு வந்தால் சான்றிதழ் அங்கேயே முடிந்தது. அதற்கு இத்தகைய கருவிகளைப் பழுதுபார்ப்பதற்கான ஐஇசி 60079-19 தரநிலை தெரிந்த இடம் வேண்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை, ஆலை நிறுத்தத்தின்போது மட்டும் பம்பைத் தூக்க வேண்டும் என்றால் மூன்றில் எதையும் நிரந்தரமாக மாட்டாமல் யோசியுங்கள். குழாய்களைப் பிரித்து அடைத்து, காலி செய்து, வாயு அளவைச் சோதித்து, அனுமதிச் சீட்டின் கீழ் சாதாரண கிரேனைக் கொண்டுவரலாம். வாயு அளக்கும் மீட்டரை ஒருவர் வேலை முடியும் வரை கையிலேயே வைத்திருக்க வேண்டும்.