மவுண்ட் வெர்னான்: வீட்டுக்கு அரை மணி நேரம், மரத்துக்கு மீதி நேரம்

வாஷிங்டன் டிசி வர்றவங்க மியூசியம் மியூசியமா ஏறி இறங்குறாங்க, ஆனா கூட சின்னப் புள்ளைங்களும் வயசானவங்களும் இருந்தா என் ஓட்டு மவுண்ட் வெர்னானுக்குதான். ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்த வீடு, வர்ஜீனியால பொட்டாமக் ஆத்தங்கரையில இருக்கு, வருஷம் 365 நாளும் திறந்திருக்கும். மாளிகைக்குள்ள போக டைம் போட்டுதான் டிக்கெட், அதை ஆன்லைன்ல முதல்லயே புக் பண்ணிட்டு மத்ததை முன்ன பின்ன வச்சுக்கோங்க.

வீடு நல்லாதான் இருக்கு. தூரத்துல பாத்தா கல்லுக்கட்டடம், கிட்ட போனா அத்தனையும் மரப்பலகை, ஓரத்தை சரிவா செதுக்கி ஈர பெயிண்ட் மேல மணலை வீசி கல்லு மாதிரி காட்டிருக்காங்க. எங்க மாமா சுவத்துக்கிட்ட மூஞ்சிய கொண்டு போய் பாத்துட்டு "அடேங்கப்பா, நம்மூரு கான்ட்ராக்டரெல்லாம் இவருகிட்ட பிச்சை வாங்கணும்டா"ன்னாரு. நடுக்கூடத்துல பிரான்ஸோட பாஸ்டில் சிறைச்சாலை (பிரெஞ்சுப் புரட்சியில மக்கள் புகுந்து பிடிச்சது) சாவி மாட்டிருக்கு, 1790ல வாஷிங்டனோட பிரெஞ்சு நண்பர், தளபதி லாஃபயெட் குடுத்து விட்டது, அதை மிஸ் பண்ணிடாதீங்க.

ஆனா நான் சொல்ல வந்தது வெளில நிக்கிற மரங்களப் பத்தி. வீட்டுக்கு மேற்கால பௌலிங் கிரீன்னு பெரிய புல்வெளி, அதோட ரெண்டு பக்கமும் வளைஞ்சு வளைஞ்சு ஒரு நடைபாதை, டூர் டைம் ஆச்சுன்னு எல்லாரும் இதை வேகமா கடந்து போயிடுறாங்க, பாவம். அங்கதான் 1785ல வச்ச டூலிப் பாப்லர் மரங்க இன்னும் நிக்குது, உச்சியப் பாக்க நிமிர்ந்தா கழுத்து பிடிச்சுக்கும். இலை நுனி கத்திரியால வெட்டி விட்டாப்ல மொட்டையா இருக்கும், அதை வச்சே பொண்ணு அடுத்தடுத்த மரத்தை கண்டுபிடிக்க ஆரம்பிச்சுட்டா. அடிமரத்தை உத்துப் பாத்தா மேல இருந்து மண்ணு வரைக்கும் ஒரு கம்பி இறங்குது, மரத்துக்கே இடிதாங்கி வச்சிருக்காங்க! மே மாசம் போனா பூவும் பாக்கலாம், மஞ்சப் பச்சையில நடுவுல ஆரஞ்சு பட்டை, ரொம்ப உசரத்துல பூக்கும், கீழ விழுந்ததை எடுத்துப் பாத்தாதான் உண்டு.

எந்த மரத்தை எங்க வைக்கணும்னு வாஷிங்டன் பாத்துப் பாத்து டைரில எழுதி வச்சாரு சரி, குழி தோண்டினது யாரு? 1799ல அவர் சாகும்போது அந்த எஸ்டேட்ல 317 அடிமைங்க இருந்தாங்க. அவர் சமாதிக்கு கொஞ்சம் தள்ளி அவங்களைப் புதைச்ச இடமும் 1983ல வச்ச நினைவுச்சின்னமும் இருக்கு. புள்ளைங்களை அங்கயும் கூட்டிட்டுப் போங்க, நிறைய கேள்வி கேப்பாங்க, பதில் சொல்லத் தயாரா இருங்க.

படகுத்துறை வரைக்கும் இறங்குறது ஈஸி, ஏறும்போதுதான் தெரியும். முட்டி வலி உள்ளவங்களை ஆத்தைப் பாத்த பெரிய வராண்டால நாற்காலில உக்கார வச்சுட்டுப் போங்க, எங்க மாமா அங்க உக்காந்தவரு கிளம்பவே மாட்டேன்னுட்டாரு.