வெர்மெட்டிட் நத்தை: பசையா, பம்பிள்பீயா, பட்டினியா?

பவளம் வளர்க்கும் உப்புநீர் டேங்கில் ஸோவா (பூப்போல விரியும் பவள வகை) காரணமில்லாமல் மூடிக்கொண்டால் முதலில் உப்பளவைப் பார்ப்போம், அப்புறம் லைட்டை. இரண்டும் சரியாக இருந்தால், தீனி போட்ட கொஞ்ச நேரத்தில் வேவ்மேக்கரை (தண்ணீரை அலையடிக்க வைக்கும் பம்ப்) நிறுத்திவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். கல்லில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் குழலிலிருந்து சளி நூல் கிளம்பிப் பவளத்தின் மேல் படிந்திருந்தால், அது வெர்மெட்டிட். ஊர்ந்து திரியாத நத்தை இது. குஞ்சிலேயே ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு, சுண்ணாம்புக் குழல் கட்டி, வலை வீசிச் சாப்பிட்டே காலத்தை ஓட்டும்.

கல்லோடு வருகிற எல்லாவற்றையும் விரட்ட வேண்டியதில்லை. கண்ணாடியில் வெள்ளைப் புள்ளியாகச் சுருண்டிருக்கும் ஸ்பைரோர்பிட் புழு, விசிறி விரிக்கும் ஃபெதர் டஸ்டர் புழு, சம்ப் (டேங்குக்குக் கீழே இருக்கும் ஃபில்டர் தொட்டி) இருட்டில் வளரும் ஸ்பாஞ்ச் எல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும். வெர்மெட்டிட் விஷயம் வேறு. பசிபிக் கடலின் மோரியா தீவில் செய்து 2010-ல் வெளியான ஆய்வில், இந்தக் குடும்பத்தின் பெரிய இனம் ஒன்று சில பவளங்களின் வளர்ச்சியை 81 சதவீதம் வரை குறைப்பதாகக் கண்டார்கள். நம் டேங்கில் வருவது பெரும்பாலும் அதன் சின்ன உறவுக்காரன்தான். ஆனால் கடலைப் போல இங்கே இடமா இருக்கிறது? 200 லிட்டருக்குள் பவளம் எங்கே தள்ளிப் போகும்?

எல்லாவற்றையும் காலி செய்து புதிதாகத் தொடங்கு என்பார்கள் சிலர். சேலத்து ஏப்ரல் வெயிலில் கல்லை மொட்டை மாடியில் போட்டுவைத்தால் எந்த நத்தையும் பிழைக்காது, சந்தேகமே இல்லை. கல்லில் குடியிருக்கும் பாக்டீரியாவும் கூடவே போய்விடும், மறுபடி சைக்கிள் ஆக, அதாவது அந்த பாக்டீரியா திரும்ப வளர்ந்து நிலைக்க, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். லிட்டருக்கு 35 கிராம் என்றால் 200 லிட்டருக்கு 7 கிலோ உப்பு. அத்தனையும் ஆர்.ஓ. தண்ணீரில். நம் போர் தண்ணீரின் கடினத்துக்கு ஆர்.ஓ. மெஷின் எவ்வளவைக் கழிவாக வெளியே தள்ளும் என்பது வீட்டில் பக்கெட் பிடிப்பவர்களுக்குத்தான் தெரியும். (ராமேஸ்வரம் போகும்போது ஒரு கல் எடுத்து வந்துவிடலாம் என்ற யோசனை வேண்டாம். நம் கடலின் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, எடுப்பது குற்றம்.)

பட்டினி போடுவது இலவசம். பவுடர் தீனியை நிறுத்தி, ஃபில்டர் சாக்கை (அழுக்கைப் பிடிக்கும் துணிப்பை) அடிக்கடி மாற்றினால் வலை வீசுவது குறையும். நானும் செய்கிறேன். ஆனால் மீனுக்குப் போடுவதில் உதிரும் தூளே இதற்குப் போதும், அதனால் குறையுமே தவிர ஒழியாது. தீனியைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டால் பழையபடி நூல் கிளம்பும்.

பம்பிள்பீ நத்தைக்குத்தான் ஆதரவாளர்கள் அதிகம். கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டை போட்ட குட்டி நத்தை, பார்க்க அழகு. குழலுக்குள் போய் வெர்மெட்டிட்டைத் தின்கிறது என்று சத்தியம் செய்பவர்கள் இருக்கிறார்கள், ஒன்றையும் தொடவில்லை என்பவர்களும் இருக்கிறார்கள். என் டேங்கில் விட்டதில்லை, ஏற்காட்டில் நண்பர் ஒருவர் விட்டிருக்கிறார். குழல்கள் குறைந்தன என்கிறார். அதே சமயம் தீனியையும் குறைத்திருந்தார், அதனால் பெருமை யாருக்குச் சேர வேண்டும் என்று என்னால் சொல்ல முடியாது. மணலில் இருக்கும் நல்ல புழுக்களையும் அது தின்னும் என்பது என் தயக்கம். சேலம் கடைகளில் நன்னீர் மீன்தான் அதிகம், இது வேண்டுமென்றால் சென்னை கொளத்தூரிலிருந்து வரவழைக்க வேண்டும். வழியில் செத்தால் மறுபடி ஆர்டர்.

என் ஓட்டு பசைக்கு. ஃபெவிக்விக் மாதிரியான சயனோஅக்ரிலேட்தான், ஆனால் ஜெல்லாக இருக்க வேண்டும். தண்ணியாக ஓடுவது கல்லில் நிற்காது. சிட்டிகை பவுடர் தீனி போட்டுவிட்டுக் காத்திருந்தால் வலை வீசித் தானே காட்டிக்கொடுக்கும். பம்ப்பை நிறுத்தி, தண்ணீர் மட்டத்தை இறக்கி, குழலைக் கட்டிங் பிளேயரால் கல்லோடு கல்லாக வெட்ட வேண்டும். உடனே அந்த ஓட்டையில் கடுகளவு ஜெல்லை வைத்து அழுத்தினால், ஈரம் பட்டதும் வெள்ளையாக இறுகிவிடும். வெட்டுவது மட்டும் போதாது, நத்தை உள்ளே இழுத்துக்கொண்டு திரும்பக் குழல் கட்டும்.

எனக்கு இதில் முடிவைத் தீர்மானித்தது திரும்பத் திரும்பச் செய்யும் வேலைதான். பட்டினி என்றால் டேங்க் இருக்கும்வரை கைக்கட்டு. பம்பிள்பீ என்றால் அதற்கும் தீனி யோசிக்க வேண்டும், தின்ன ஒன்றும் இல்லாமல் போனால் அதுவே செத்துத் தண்ணீரைக் கெடுக்கும். பசை போடும் முதல் சுற்று முதுகை ஒடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் பெண் நத்தை முட்டைப் பைகளைக் குழலுக்குள்ளேயே வைத்துக் காக்கும். வாயை அடைத்தால் அடுத்த தலைமுறையும் உள்ளேயே முடிந்துவிடுகிறது. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் வேலை குறைகிறது. இப்போது தண்ணீர் மாற்றும் நாளில் கண்ணில் படுகிற ஒன்றிரண்டை அப்போதே அடைத்துவிடுகிறேன். 1000 லிட்டர் டேங்க், கல் மலை போல அடுக்கியிருக்கிறது என்றால் கை எட்டாத மூலைகள் நிறைய இருக்கும், அங்கே என் வாதம் அவ்வளவாக எடுபடாது.

ஸோவா பக்கத்தில் வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். ஸோவாவிலும் அதன் உறவுக்காரனான பாலிதோவாவிலும் பாலிடாக்ஸின் என்ற கடுமையான நஞ்சு இருக்கலாம், கண்ணில் தெறித்தால் விளையாட்டல்ல. பசை போட முடியாத இடம் பம்ப்பும் வேவ்மேக்கரும். அவற்றைக் கழற்றி எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைசலில் ஊறப் போட்டால் சுண்ணாம்பு இளகி, பிரஷ் தேய்த்ததும் வந்துவிடும். செவ்வாய்ப்பேட்டை மளிகைக் கடையில் கிடைக்கும்.

புது ஃபிராக் (வெட்டி விற்கும் பவளத் துண்டு) வாங்கும்போது டிப்பை (பூச்சி போக மருந்துத் தண்ணீரில் முக்குவது) மட்டும் நம்ப வேண்டாம், குழலுக்குள் சுருங்கிக்கொள்ளும் நத்தைக்கு அது சரியாக எட்டாது. எனக்கு வந்ததும் ஒரு ஸோவா பிளக்கில் (ஃபிராக் ஒட்டியிருக்கும் சின்ன அடித்துண்டு)தான். ஃபிராக்கைப் பிளக்கிலிருந்து பெயர்த்து, பழைய பிளக்கைக் குப்பையில் போட்டுவிட்டு, புதியதில் ஒட்டி டேங்கில் விடுங்கள். அதற்கும் அதே ஜெல்தான்.