4,850 ரூபாய் போச்சு: பழைய கம்ப்யூட்டரை ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் படியுங்கள்

நேற்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது. மும்பையில், அதுவும் தாராவி, சயான் பக்கம் இருக்கும் நம் ஆட்கள் கட்டாயம் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் வீட்டிலேயே டி.டி.பி. வேலை செய்கிறவள். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி என்று எல்லாம் அடித்துக் கொடுப்பேன். என்னுடையது 2011-இல் வாங்கிய டெஸ்க்டாப். புதுசு வாங்கக் கூடாதா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன், என் வேலை முழுக்க பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேரில் இருக்கிறது, எழுத்துருக்கள் எல்லாம் யூனிகோடு வருவதற்கு முந்தைய பழைய வகை. மகனுடைய லேப்டாப்பில் அந்த ஃபைலைத் திறந்தால் கட்டம் கட்டமாக ஏதோ தெரிகிறது. அந்தப் பழைய பெட்டி ஓடினால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும்.

மழைக்காலம் தொடங்கியதும் தொந்தரவு வந்தது. காலையில் பட்டனை அழுத்தினால் ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுவிடும். நாலைந்து முறை அழுத்தினால் ஓடும், ஓட ஆரம்பித்துவிட்டால் சாயங்காலம் வரை ஒன்றும் செய்யாது. மதர்போர்டில், அதாவது எல்லாப் பாகங்களும் வந்து சேரும் பெரிய அட்டையில், இருக்கும் சின்னப் பச்சை விளக்கு மட்டும் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் டப்பாவான எஸ்.எம்.பி.எஸ். வயதாகிப் போனதற்கு இதுதான் அடையாளமாம், உள்ளே கரண்டைத் தேக்கிச் சீராகக் கொடுக்கும் கெப்பாசிட்டர்கள் காய்ந்துபோனால் சூடேறும் வரை முரண்டு பிடிக்குமாம். எனக்கு அப்போது தெரியாது.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. ரீசார்ஜ், ஜெராக்ஸ், ரிப்பேர் எல்லாம் ஒரே கடையில். நம் ஊர்த் தம்பி, வாயைத் திறந்தாலே திருநெல்வேலி. "எக்கா, நீங்க எந்த ஊரு? அட, எங்க சித்தி ஊருல்லா!" என்றான். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தான். அங்கேயே எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

மீதிப் பயத்தை அவன் போக்கிய விதத்தைக் கேளுங்கள். எஸ்.எம்.பி.எஸ்ஸைக் கழற்றி மேசை மேல் வைத்து, 24 பின் உள்ள பெரிய கனெக்டரைக் காட்டினான். "பாருங்கக்கா, இந்தப் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் சேர்த்தா ஃபேன் ஓடணும்" என்று ஒரு பேப்பர் கிளிப்பை வளைத்துச் செருகினான். ஃபேன் அசையவில்லை. "உங்க கண்ணு முன்னாடியே காட்டிட்டேன், போச்சுக்கா. இது போனதுல மதர்போர்டும் அடிபட்டிருக்கு, சிப் லெவல்ல வேலை பார்க்கணும்" என்றான். அட்டையில் இருக்கும் சின்னச் சின்னப் பாகங்களைச் சூடு வைத்து மாற்றும் வேலையாம். கண்ணால் பார்த்த பிறகு எப்படிச் சந்தேகப்படுவது?

எஸ்.எம்.பி.எஸ். 1,450, மதர்போர்டு வேலை 2,800, சர்வீஸ் 600. மொத்தம் 4,850 ரூபாய். பில் கேட்டேன். "பில் போட்டா ஜிஎஸ்டி 18 பர்சென்ட் கூடும்கா, உங்களுக்கு எதுக்கு வீண் செலவு, நான் இங்கதான இருக்கேன்" என்று ஒரு துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தான். பழைய எஸ்.எம்.பி.எஸ்ஸைக் கேட்டதற்கு அதைப் பழைய இரும்புக்குப் போட்டாச்சு என்றான். நானும் சரி என்று போனிலேயே 4,850 ரூபாயை அனுப்பிவிட்டு வந்தேன்.

நாலாவது நாள். எட்டுப் பக்கக் கோயில் மலர், கடைசிப் பக்கத்தை பிடிஎஃப் ஆக்கும்போது டப்பென்று அணைந்து லேசாகக் கருகிய வாடை வந்தது. அதற்கப்புறம் ஓடும், பத்து நிமிடத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகும், மறுபடி ஓடும்.

கடைக்கு ஓடினேன். முதல் நாள், "ரிப்பேர் பார்த்த பையன் இன்னிக்கு வரலக்கா." இரண்டாம் நாள், "வெள்ளிக்கிழமை வாங்க." வெள்ளிக்கிழமை போனால் கடைக்குப் பாதி ஷட்டர். வாட்ஸப்பில் வாடை வந்ததை எல்லாம் எழுதினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. அப்புறம் "உங்க வீட்டு கரண்ட் சரியில்ல" என்றான். என் வீட்டில் ஃபிரிட்ஜும் டிவியும் அதே கரண்டில்தான் ஓடுகின்றன. கடைசியாக, ஜெராக்ஸ் எடுக்க நின்ற நாலு பேர் முன்னால், "உங்களுக்குச் சொன்னா புரியாதுக்கா, வீட்ல அண்ணன அனுப்புங்க, அவர்கிட்ட பேசிக்கிறேன்" என்றான். என் வீட்டுக்காரருக்கு அந்தப் பெட்டியை ஆன் செய்யக்கூடத் தெரியாது. பெட்டி என்னுடையது, உழைப்பு என்னுடையது, 4,850 ரூபாயும் என்னுடையது. அந்த வார்த்தைதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நேற்று மகனைக் கூட்டிக்கொண்டு, கேபினெட்டைப் பழைய சேலையில் கட்டி, சயானிலிருந்து லோக்கல் ரயிலின் லக்கேஜ் டப்பாவில் தாதர், அங்கே மாறி கிராண்ட் ரோடு, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த லேமிங்டன் ரோடு போனோம். மாடிப்படிக்கு அடியில் ஒரு மராத்திக்காரப் பெரியவர். மூடியைத் திறந்தார், டார்ச் அடித்தார், என்னைக் கூப்பிட்டு மதர்போர்டைக் காட்டினார். 2011-இலிருந்து படிந்த தூசி அப்படியே போர்வை மாதிரி கிடக்கிறது. சிப் லெவல் வேலை பார்த்த போர்டை ஒருவன் கழற்றாமல், துடைக்காமல், சூடு வைக்காமல் எப்படிப் பார்த்திருக்க முடியும்? ஒரு ஸ்குரூவைக்கூடத் தொடவில்லை. 2,800 ரூபாய்.

அப்புறம் அவன் போட்ட எஸ்.எம்.பி.எஸ். 450 வாட் என்று பளபளப்பான ஸ்டிக்கர். அதன் மூலையை நகத்தால் உரித்தார், அடியில் வேறொரு பழுப்பேறிய ஸ்டிக்கர். ஃபேன் கம்பி வழியாக டார்ச் அடித்தால் உப்பிப்போன கெப்பாசிட்டர்கள், தலையில் துரு மாதிரி கசிவு. ஊதா ஒயரில் மீட்டர் வைத்தார், 5 வோல்ட் சரியாக இருந்தது. அது ஸ்டாண்ட்பை, அதாவது கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் வரும் கரண்ட், அதனால்தான் பச்சை விளக்கு எப்போதும் எரிகிறது. மஞ்சள் ஒயரில் 12 வோல்ட் வர வேண்டும், 11.4-க்குக் கீழே போகவே கூடாதாம். கம்ப்யூட்டர் ஓடும்போது 10.7 காட்டியது.

அந்த பேப்பர் கிளிப் கதையைச் சொன்னேன். "பின்னால் இருக்கும் சின்ன சுவிட்சைப் போட்டிருந்தானா?" என்று கேட்டார். நான் பார்க்கவில்லை. ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த சுவிட்ச் அணைந்திருந்தால் கம்பெனிப் புதுசுகூட ஓடாதாம். ஃபேன் ஓடினாலும் அதை மட்டும் வைத்து நல்லது என்று நம்பக் கூடாது, லோடு கொடுத்து, அதாவது வேலை வாங்கி, மீட்டரில் பார்க்க வேண்டும் என்றார். என் பழைய எஸ்.எம்.பி.எஸ்ஸில் உண்மையில் என்ன கோளாறு என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை, அதையும் அவனே வைத்துக்கொண்டான்.

பில்லோடு, மூன்று வருட வாரண்டியோடு புது எஸ்.எம்.பி.எஸ். 1,900 ரூபாய்க்குப் போட்டார், பார்த்ததற்கு 200. இப்போது முதல் அழுத்தலிலேயே ஓடுகிறது. 2,100-இல் முடிய வேண்டிய வேலைக்கு முதலில் 4,850 அழுதிருக்கிறேன், நடுவில் கைவிட்டுப்போன ஒரு கல்யாணப் பத்திரிகை ஆர்டர் தனி.

என்ன செய்ய வேண்டும் என்று நிறைய எழுத நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். மாற்றிய பழைய பொருளைக் கையில் வாங்குங்கள். கொடுக்கும் முன் உள்ளே நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வையுங்கள். நீங்களே எஸ்.எம்.பி.எஸ். டப்பாவைப் பிரித்துப் பார்க்காதீர்கள், ஒயரைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும், ஆளையே அடித்துவிடும். முக்கியமாக, நம் ஊர்ப் பேச்சைக் கேட்டு மயங்காதீர்கள்.

காலையில் 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசி, பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை வைத்துப் புகார் பதிந்திருக்கிறேன். இன்று சாயங்காலம் அந்த ஸ்டிக்கர் உரித்த எஸ்.எம்.பி.எஸ்ஸை எடுத்துக்கொண்டு அவன் கடைக்குப் போகிறேன். அண்ணனை அனுப்பப் போவதில்லை, நானேதான் போகிறேன்.